ஜி6பிடி குறைபாடும் மஞ்சளும்: மகனோடு வார்டில் கழிந்த ஏழு நாள்கள்

எங்கள் மகன் தீபாவளி முடிந்த மறுவாரம், பினாங்குத் தீவில் உள்ள அரசாங்க மருத்துவமனையில், முப்பத்தெட்டு வாரம் நிறைந்து சுகப்பிரசவமாகப் பிறந்தான். எடை 2.9 கிலோ. மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நம்பிப் பையைக் கட்டி வைத்திருந்தேன். ஆயர் ஈத்தாமில் அம்மா பத்தியச் சமையலுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த தாதி, தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்ததில் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இருப்பது தெரிந்திருக்கிறது என்றும், மஞ்சள் காமாலை கூடுகிறதா என்று பார்க்க ஐந்து நாளாவது அவனை வார்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். முடிவு சரியாக இருந்தால் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, அதனால் பெற்றோர் பலருக்கு அப்படியொரு சோதனை நடந்ததே தெரியாமல் போகிறது. பிரசவத்துக்குப் போகும் ஒவ்வொரு தாயும், தனியார் மருத்துவமனையானாலும் சரி, வீடு திரும்புவதற்கு முன் "ஜி6பிடி முடிவு என்ன?" என்று தானாகவே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். ஜி6பிடி என்பது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ளவர்களுக்குச் சில பொருள்கள் பட்டால் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்து, பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி இரத்தத்தில் பெருகும். பிறந்த குழந்தையின் ஈரல் இன்னும் முதிராததால் அதை விரைவாக வெளியேற்ற முடியாது. அளவு மீறினால் அது மூளையில் படிந்து, காது கேளாமை முதலான நிரந்தரப் பாதிப்பை உண்டாக்கும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை.

இது எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் குழந்தைகளிடமே அதிகம் வெளிப்படுகிறது. மகனுக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்தே வருகிறது. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிப் படகில் வந்திருந்த என் மாமியார், "எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்லையே" என்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மருத்துவர்தான் அவரிடம், மலேரியா பரவியிருந்த நாடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட மரபு இது, தாய் செய்த தவறு எதுவும் இதில் இல்லை என்று எடுத்துச் சொன்னார். என் கணவர் அதைத் தம் வாயாலும் ஒருமுறை சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அது தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை நல்ல நிறமாத்தானே இருக்கான், மஞ்சள் எங்க இருக்கு?" என்றார். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. தாதி அவன் நெற்றியையும் நெஞ்சையும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்துக் காட்டினார்; விரல் பட்ட இடத்தில் நொடி நேரம் மாம்பழத் தோல் போல மஞ்சள் தெரிந்து மறைந்தது. "நம்ம நிறத்துப் பிள்ளைங்களுக்குக் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது தங்கச்சி, இரத்தம்தான் சொல்லும்" என்றார். குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தில் அளவு 254 என்று வந்தது. இங்கே லிட்டருக்கு மைக்ரோமோல் என்று கணக்கிடுகிறார்கள். தமிழ்நாட்டு உறவினர்கள் சொல்லும் மில்லிகிராம் கணக்கில் அது ஏறக்குறைய 15. ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைக்கு மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்த அளவிலேயே சிகிச்சையைத் தொடங்குவதால், அன்று மாலையே அவனை நீல விளக்கின்கீழ் வைத்தார்கள்.

கண்ணைத் துணிப் பட்டையால் மூடி, பேம்பர்ஸ் மட்டும் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நீல ஒளி, தோலுக்கு அடியில் உள்ள பிலிருபினை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறது. பிறகு அது மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. அப்படி வெளியேற வேண்டுமானால் குழந்தை நன்றாகப் பால் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தாய்ப்பால் கொடுத்தேன். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, கையால் பிழிந்து சிறு கரண்டியில் ஊட்டினேன். தண்ணீரோ குளுக்கோஸ் தண்ணீரோ கொடுக்க வேண்டாம், அது மஞ்சளைக் குறைக்காது, பாலுக்கான பசியைத்தான் குறைக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அவன் அழும்போது பெட்டியின் வட்டத் துவாரம் வழியே கையை விட்டு உள்ளங்காலைப் பிடித்துக்கொள்வேன். என் விரலும் நீலமாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கிவிடும்.

காலை வெயிலில் காட்டினால் போதும் என்று சொந்தக்காரர்கள் தொலைபேசியில் சொல்லாத நாள் இல்லை. வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பச்சிளம் தோல் கருகும், உடலில் நீர் வற்றும், அதற்குள் அளவு ஏறிவிடும் என்று மருத்துவர் விளக்கியதை ஒவ்வொருவரிடமும் திரும்பச் சொன்னேன். ஐந்தாம் நாள் அளவு 190க்கு இறங்கியதும் விளக்கை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு மீண்டும் ஏறுகிறதா என்று மறுநாள் சோதித்து, ஏழாம் நாள் அனுப்பினார்கள்.

வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலைத் தாதி என் கையில் கொடுத்தார். முதல் வரியில் இருந்தது பாச்சை உருண்டை. அதில் உள்ள நாப்தலீன், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். உடனே அம்மாவை அழைத்தேன். அவர் தொட்டிலுக்கென்று என் பாட்டியின் பழைய நூல் சேலைகள் நான்கையும், துடைக்கவும் போர்த்தவும் தாத்தாவின் வேட்டிகளையும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். பல ஆண்டுகளாகப் பாச்சை உருண்டை போட்டுக் காத்த துணிகள் அவை. "ரெண்டு தடவை துவைச்சு வெயில்ல போட்டுட்டேம்மா" என்றார். "மோந்து பாருங்கம்மா" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆமாம், இன்னும் அடிக்குது" என்றார். பேரனுக்கு மூத்தவர்களின் சேலையில் தொட்டில் கட்ட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. ஆனாலும் அன்றே பெட்டியை அண்டை வீட்டுக்கு மாற்றி, அலமாரியில் கிடந்த உருண்டைகளையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் புதுத் துணி வாங்கி வந்தார்.

பட்டியலில் பயறு வகையைச் சேர்ந்த ஃபாவா பீன்ஸும், சில மலேரியா மருந்துகளும், சில நுண்ணுயிர்க்கொல்லிகளும், நாட்டு மருந்துகளும் இருந்தன. பால் கொடுக்கும் தாய்க்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுறாப் புட்டு ஆகியவற்றுக்கு மருத்துவர் தடை சொல்லவில்லை. என்னென்ன மூலிகை சேர்ந்தது என்று தெரியாத பிரசவ லேகியத்தை மட்டும் வேண்டாம் என்றார். குழந்தைக்கு உரைமருந்தும் இழைத்துக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு சமூகத் தாதி வீட்டுக்கு வந்து பார்த்தார். கிளினிக்கில் இன்னும் இரண்டு முறை இரத்தம் எடுத்தார்கள். பதினான்கு நாளுக்குப் பிறகும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் வெளுத்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வரச் சொன்னார்கள். அது ஈரல், பித்தக் குழாய்க் கோளாறாக இருக்கலாம். அதனால் மூன்று வாரம் ஒவ்வொரு பேம்பர்ஸையும் சன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். இப்போது அவனுக்குப் பதினான்கு மாதம். சளி, காய்ச்சல் என்று எந்தக் கிளினிக்குக்குப் போனாலும், பதிவு முகப்பில் பெயர் சொல்லும்போதே அவனுடைய ஜி6பிடி அட்டையையும் எடுத்து நீட்டிவிடுகிறேன்.