முழங்கால் மடங்காத பிறகு

எனக்கு முடக்குவாதம் வந்து 11 வருஷம் ஆகிறது. வயதானால் வருகிற மூட்டுத் தேய்மானம் அல்ல. இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிற வியாதி. காலையில் கண் விழித்ததும் விரல்கள் மரக்கட்டை மாதிரி இருக்கும். இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதற்கு முன்னால் என் பக்தி முழுக்க உடம்பை நம்பித்தான் நடந்தது. விடியற்காலையில் முழங்கால் ஜெபம், மாதம் ஒரு உபவாசம், ஆராதனையில் கையை உயர்த்தி நிற்பது. அப்போது யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். முதலில் முழங்கால் போனது. அடுத்து உபவாசம், சாப்பிட்ட பிறகுதான் மாத்திரைகளைப் போட வேண்டும், பட்டினி கிடக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்புறம் வேதப்புத்தகம். அந்த மெல்லிய தாளை வீங்கிய விரலால் புரட்டினால் நான்கைந்து சேர்ந்து வரும். ரூத்தைத் தேடிப் போனால் சாமுவேலில் போய் நிற்பேன். ஜெபிக்கவே தெரியாதவளாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போனேன். ஜெபித்தவர், "இப்ப வலி இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். மறுபடியும் ஜெபித்துவிட்டு மறுபடியும் கேட்டார். பின்னால் வரிசை நிற்கிறது. "குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொய்க்காகத்தான் அழுதேன். பிறகு ஒருவர், மறைவான பாவம் ஏதாவது இருக்கும் என்றார். இன்னொருவர், மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்றார். அதையும் செய்து பார்த்தேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. நான்காவது வாரம் சட்டைப் பொத்தானைக்கூட என்னால் போட முடியவில்லை. இந்த வியாதியில் அரித்துப்போன மூட்டு பழையபடி ஆகாது. அரிப்பை மட்டுப்படுத்தத்தான் மருந்து. மருத்துவரைக் கேட்காமல் யாரும் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வேதத்தைப் படிக்க முடியாததால் கைப்பேசியில் ஒலி வேதாகமம் கேட்க ஆரம்பித்தேன். படிக்கும்போது நமக்குப் பிடித்த வசனத்தில் நின்று மற்றதைத் தாண்டிவிடலாம். காதுக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படித்தான் பவுல் தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு வரி வந்து விழுந்தது: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அந்தப் பவுல் கூட இருந்த ஆளை வியாதியோடு விட்டுவிட்டு வருகிறார். அவனுக்கு விசுவாசம் போதாது என்று ஒரு வார்த்தை இல்லை. தீமோத்தேயுவுக்கும் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது. பவுலே தன் சரீரத்தில் முள்ளாகக் குத்திய உபத்திரவம் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டு, கிருபை போதும் என்ற பதிலோடு நடந்திருக்கிறார். இந்தக் கடைசிப் பகுதி எனக்கு மனப்பாடம்தான். துரோப்பீமுவைத்தான் தெரியாமல் இருந்தேன்.

அதன்பின் ஜெபிக்கிறவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கவனித்துக் கேட்டேன். தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து ஜெபித்திருக்கிறார். எசேக்கியா ராஜா வியாதிப் படுக்கையில் சுவர்ப்புறமாகத் திரும்பிக்கொண்டு. சரி, படுத்துக்கொண்டே ஜெபிக்கலாம் என்று தைரியம் வந்தது. 119ஆம் சங்கீதத்தை எட்டெட்டு வசனமாக 22 நாள் கேட்டேன். 88ஆம் சங்கீதம் கடைசிவரை ஆறுதலே இல்லாமல் முடிகிறது என்பதை அந்த மாதங்களில்தான் கவனித்தேன். அப்படியும் ஒரு ஜெபம் வேதத்தில் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்று தெரிய ரொம்ப நாள் ஆனது. வாரத்தில் ஒரு நாள் கர்த்தர் எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி வெறிச்சென்று இருக்கும். பாவ அறிக்கை செய்வேன், அழுவேன், ஒன்றும் மாறாது. பிறகு நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: அது வாராந்திர மருந்து போட்ட மறுநாள்! வெறும் அசதி. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகிறேன் என்று படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான். இப்போது அந்த நாளில் நானும் தூங்கிவிடுகிறேன்.

திருவிருந்துதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. திராட்சரசம் இருக்கிற அந்தச் சின்னக் கிண்ணத்தை ஒருமுறை வெள்ளைத் துணிமேல் கொட்டிவிட்டு, இரண்டு மாதம் ஆலயத்துக்கே போகவில்லை. திரும்பப் போன அன்று பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண், "அக்கா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று கிண்ணத்தை என் உதட்டருகே கொண்டுவந்தாள். கூச்சத்தில் முகம் சுட்டது. யுத்த நேரத்தில் உயர்த்தியிருந்த மோசேயின் கை தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவனும் இருபுறமும் தாங்கினார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பேன்! தாங்கிக்கொள்ளக் கை கொடுப்பதற்கு மோசேக்கும் கூச்சமாக இருந்திருக்குமோ என்று அன்றுதான் யோசித்தேன். இப்போது நானே அவள் பக்கத்தில் இடம் பார்த்து உட்கார்கிறேன்.

விரல்கள் இளகும் அந்த ஒரு மணி நேரம்தான் இப்போது என் ஜெபநேரம். பத்து விரலுக்கும் பத்துப் பெயர். ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே அந்தந்தப் பெயரைச் சொல்வேன். வலது கட்டைவிரல் எப்போதும் கடைசியாகத்தான் இளகும். மாத்திரையை நிறுத்தச் சொன்னவரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறேன். சில நாள் விரல் இளகிவிடும், பெயர் வாயில் வராது. வரும்வரை படுத்திருப்பேன்.