ஏ/எல் ஐசிடி: இணையம் வேறு, வலை வேறு, இதைப் பிடித்தால் பாதிக்கிணறு தாண்டினமாதிரி

ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்துவிட்டது. ஐசிடிக்கு (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) ஏ. இணைந்த கணிதத்தைப் பற்றி இன்னொரு நாள் அழுகிறேன். பைதன், தரவுத்தளம் பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் வலையமைப்பு அலகைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதிலும் இணையத்துக்கும் உலகளாவிய வலைக்கும் உள்ள வேறுபாட்டை.

இரண்டு புள்ளி விசயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். எனக்கு இது விளங்கிய பிறகுதான் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை), வலையமைப்பின் அடுக்குகள், போர்ட் இலக்கங்கள் (தரவு எந்தச் சேவைக்கு உரியது என்று காட்டும் எண்கள்) எல்லாம் தன்பாட்டில் இடம்பிடித்து உட்கார்ந்தன.

நான் போன ரியூசனில் "இணையம் வீதி, வலை அதில் ஓடும் பஸ்" என்று ஒரு வரி எழுதித் தந்தார்கள், அத்தோடு சரி. அதற்கு யார் புள்ளி போடுவார்? இப்படி எழுதுங்கள்: டிசிபி/ஐபியால் இணைந்த வலையமைப்புகளின் வலையமைப்பு இணையம். எச்டிடிபி வழியாகப் பரிமாறப்படும், யூஆர்எல்லால் அடையாளம் காணப்படும், மீயிணைப்புகளால் கோக்கப்பட்ட ஆவணங்கள் வலை. இணையத்தின் மேல் ஓடும் சேவைகளில் அதுவும் ஒன்று. (டிசிபி/ஐபி என்பது கணினிகள் தரவு பரிமாறும் பொது விதிகள். எச்டிடிபி வலைப்பக்கங்களைக் கேட்டு வாங்கும் விதி. யூஆர்எல் பக்கத்தின் முகவரி. மீயிணைப்பு என்பது சொடுக்கினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் இணைப்பு.)

மனப்பாடம் எனக்கு ஒத்துவராது. ஆனாலும் இந்த வரிசையை மட்டும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன்:

- 1969: ஆர்பாநெட் (இணையத்தின் முன்னோடி வலையமைப்பு)
- 1971: ரே டொம்லின்சனின் மின்னஞ்சல்
- 1983 ஜனவரி 1: ஆர்பாநெட் டிசிபி/ஐபிக்கு மாறியது
- 1989: சேர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வு நிலையத்தில், வலைக்கான டிம் பேர்னர்ஸ்-லீயின் முன்மொழிவு
- 1993 ஏப்ரல் 30: வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது

அதாவது மின்னஞ்சல் வலைக்கு 18 வயது மூத்தது. "மின்னஞ்சல் உலகளாவிய வலையின் ஒரு பகுதி" என்று ஒரு கூற்று வந்தால் யோசிக்காமல் வெட்டலாம்.

ஜிமெயிலைக் குரோமில்தானே பார்க்கிறோம் என்று சிலர் வாதாடுவார்கள். சரி, பார்ப்போம். உலாவியிலிருந்து கூகுளின் சேவையகம் வரை எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் செய்த எச்டிடிபி), போர்ட் 443. அங்கிருந்து உங்கள் நண்பரின் யாகூ சேவையகத்துக்குக் கடிதம் போவது அஞ்சல் அனுப்பும் விதியான எஸ்எம்டிபியில், போர்ட் 25. அந்த நடுத்துண்டில் வலைக்கு வேலையே இல்லை. இந்தப் படத்தை ஒருதரம் கையால் கீறிப் பாருங்கள்.

செய்து பார்க்கவும் வழி இருக்கிறது. உலாவியை மூடிவிட்டு, கொமாண்ட் புரொம்டில் பிங் 8.8.8.8 என்று அடியுங்கள். மறுமுனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. விண்டோஸ் என்றால் நான்கு வரிப் பதில் வரும், ஒவ்வொன்றிலும் மில்லிசெக்கன் கணக்கோடு. ஒரு வலைப்பக்கமும் திறக்காமலே கூகுளின் டிஎன்எஸ் சேவையகம் உங்களோடு பேசிவிட்டது. அந்த டிஎன்எஸ்ஸும் வலைக்கு மட்டும் சொந்தமில்லை, அஞ்சல் எந்தச் சேவையகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. பள்ளிக்கூட லாப்பில் ஸாம்ப் (சொந்தக் கணினியையே வலைச் சேவையகமாக்கும் மென்பொருள்) போட்டு பிஎச்பி நிரல் எழுதுவீர்கள் அல்லவா? வலையமைப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு லோக்கல்ஹோஸ்ட் பக்கத்தை, அதாவது அதே கணினியில் இருக்கும் பக்கத்தை, திறந்து பாருங்கள், திறக்கும். எச்டிடிபி இருக்கிறது, எச்டிஎம்எல் இருக்கிறது, இணையம் இல்லை. (சேரிடம் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள்.)

மிச்சம் சுருக்கமாக:

- போர்ட் இலக்கங்களைத் தனிப் பட்டியலாகப் படிக்க வேண்டாம். 53 என்றால் டிஎன்எஸ் என்ன செய்கிறது என்பதோடு சேர்த்துப் படியுங்கள்.
- வேறுபாடு கேட்டால் அட்டவணை போடுங்கள், பந்தி வேண்டாம்.
- கட்டுரைப் பகுதியில் வலையமைப்பு வினாவை முதலில் எடுங்கள். பைதனில் மாட்டிக்கொண்டால் நேரம் எங்கே போனதென்றே தெரியாது.