பிடிபட்ட கோப்ளினை என்ன செய்வது?

2025 ஜூலை 12, சனி

மட்டக்களப்புக் கல்லடியில் மச்சான் வீட்டு விறாந்தையில் டி அண்ட் டி (Dungeons & Dragons), தாயம் உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டு, இன்று பாதியில் நின்றுவிட்டது. கதையை நடத்தும் டிஎம் நான்தான். சண்டை சின்னதுதான். குகை வாசலில் நாலு கோப்ளின், குட்டிப் பூதங்கள். மந்திரவாதி நித்திரை மந்திரம் போட மூன்று சரிந்தன. நாலாவது ஈட்டியை எறிந்துவிட்டுக் கையைத் தூக்கியது.

மச்சான் ஆடும் கள்ளன் கத்தியை உருவினான். நித்திரையில் கிடப்பதைப் பக்கத்தில் நின்று குத்தி, குத்து விழுந்தால், தானாகவே கிரிட்டிக்கல், இரட்டை அடி. கோப்ளினுக்கு இருப்பது ஏழு ஹிட் பொயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. தப்பாது.

பலடினாக, தர்மம் காக்கும் வீராங்கனையாக, ஆடும் தங்கச்சி விடவில்லை. "அண்ணா, கையத் தூக்கிட்டு நிக்குது. அத வெட்டினா எண்ட பலடின் இனி உங்களோட வராது."

"விட்டா ஓடிப்போய் முழுக் கூட்டத்தையும் கூட்டிட்டு வரும். மறுகா ஆர் அடிபடுறது? நீயா?"

மச்சான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அடைத்து வைக்க இடமில்லை, காவலுக்கு ஆளில்லை. தேத்தண்ணி வந்தது, பேச்சு நின்றது, கோப்ளின் கையைத் தூக்கியபடியே அடுத்த கிழமைக்குப் போய்விட்டது.

2025 ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே மச்சானின் குரல் பதிவு. கோப்ளின் தீய இனம் என்று விதிப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறதாம், ஒன்றைக் கொன்றால் 50 எக்ஸ்பியாம், அனுபவப் புள்ளி. இரண்டும் 2014 பதிப்பில் உள்ளவைதான். ஆனால் எக்ஸ்பி கிடைப்பது தோற்கடித்தால். துரத்தினாலும் பிடித்தாலும் அதே 50. கொன்றால்தான் புள்ளி என்பது வீடியோ கேம் ஆடி வந்த பழக்கம். 1974இல் வந்த முதல் பதிப்பில் புள்ளி பெரும்பாலும் புதையலுக்குத்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் சண்டை போடாமல் தங்கத்தோடு நழுவுபவன்தான் கெட்டிக்காரன்.

இனம் முழுக்கத் தீயது என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பழைய சாகசங்களில் குகைக்குள் சண்டை போடாத பெண்களும் குஞ்சுகளும் கூட இருக்கும். அங்கே போய் நின்றால் மச்சான் என்ன சொல்வான்?

2025 ஜூலை 16, புதன்

நம்மவர்களிடமும் இதற்கு ஒரே விடை இல்லை. பகைவனுக்குத் துன்பம் வந்தபோது உதவுவதே வீரத்தின் கூர்மை என்கிறது 773ஆம் குறள். பரிமேலழகர் அதற்கு, தனித்து நின்ற இராவணனை இராமன் நாளை வா என்று விட்டதை உதாரணம் காட்டுகிறார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கு மகாபாரதக் கதைதான். அந்தக் கதையில் தேர்ச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற கர்ணனை அடிக்கச் சொன்னது கண்ணன். இராமனுக்குப் பின்னால் ஒரு சேனை நின்றது, அவனால் முடிந்தது. என் மேசையில் இருப்பது நாலு பேர், அதில் ஒருவருக்கு மூன்று ஹிட் பொயின்ட் மிச்சம்.

விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடவும் முடியவில்லை. சரணடைந்தவர்களுக்கு என்ன ஆனது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. மேசையில் யாரும் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

யோசித்துப் பார்த்தால் சிக்கல் டிஎம் கதிரையில் இருக்கிறது. விட்டுவிட்ட கைதி ஒவ்வொருவனும் திரும்பி வந்து முதுகில் குத்தினால், அடுத்த தடவை ஆட்டக்காரர்கள் கேள்வி இல்லாமல் கழுத்தை அறுப்பார்கள். அதைப் பழக்கியவன் டிஎம். விட்டதெல்லாம் நன்றியோடு காலில் விழுந்தாலும் சரியில்லை. லாபம் நிச்சயம் என்றால் அதில் இரக்கம் எங்கே?

1981 பதிப்பில் மனத்துணிவுக்கு ஒரு விதி உண்டு: இரண்டு ஆறுமுகத் தாயம் உருட்டி, வந்தது அந்தப் பிராணியின் எண்ணைத் தாண்டினால் அது ஓடும் அல்லது சரணடையும். அதே தாயத்தை விடுதலைக்குப் பிறகும் உருட்டலாம், எல்லோருக்கும் முன்னால்.

2025 ஜூலை 19, சனி

முதலிலேயே சொல்லிவிட்டேன்: ஆயுதத்தைப் பறித்து விட்டால் ஒவ்வொன்றுக்கும் தாயம், ஏழுக்கு மேல் வந்தால் காட்டுக்குள் ஓடிவிடும், குறைந்தால் கூட்டத்திடம் போகும். மச்சான் முணுமுணுத்துவிட்டுக் கத்தியை உறையில் போட்டான். 9, 8, 11. கையைத் தூக்கியதற்கு 4.

அரை மணியில் ஆறு வில்லாளிகள். மந்திரவாதி விழுந்தாள், பலடின் கைவைத்துக் காப்பாற்றினாள்.

"சொன்னன்தானே!"

"சொன்னீங்க. அதுக்காக நித்திரையில கிடக்கிறதக் குத்துறதா?"

தொடர்ந்து சண்டை பிடித்தார்கள், ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்து கிளம்பும்போது மச்சான் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒரு தங்கக் காசுக்கு ஐம்பது அடிக் கயிறு எழுதிக்கொண்டான்.