கீமோவுக்கு முன் சினைப்பைத் திசுவை உறைய வைத்தல்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

கீமோ சினைப்பையைக் கெடுக்கலாம் என்பதால், பின்னாளில் குழந்தை பெற அதன் திசுவை முன்கூட்டியே எடுத்து உறைய வைப்பதுதான் இது. கீமோ தேதி குறித்த பிறகு இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாரம்தான். முட்டையை உறைய வைக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட வேண்டும். திசுவுக்கு ஊசி வேண்டாம். வயதுக்கு வராத சிறுமிக்கு உள்ள வழியும் இதுதான். ஆனால் 35 வயதைத் தாண்டினால் பல மையங்கள் தயங்கும், முட்டை இருப்பு குறைந்திருக்கும் என்பதால்.

முதல் நாளே புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டு கேள்வி: மருந்தில் சைக்ளோபாஸ்பமைடு, புசல்ஃபான் போன்றவை உண்டா? இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு உண்டா? இருந்தால் சினைப்பைக்கு ஆபத்து அதிகம். அன்றைக்கே ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்), ரத்தத் தட்டணு, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனைகளுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள். வைரஸ் ரிசல்ட் இல்லாமல் சேமிப்புத் தொட்டியில் இடம் தரமாட்டார்கள். பலருக்கு நாள் வீணாவது இங்கேதான்.

'கல்யாணத்துக்கு முந்தி வயித்துல கை வைக்கிறதா?' என்று வீட்டு ஆச்சிமார் கேட்பார்கள். லேப்ராஸ்கோப்பியில், அதாவது கேமரா குழாய் விட்டுச் செய்யும் அறுவையில், சிறு துளைகள்தான். எடுப்பது ஒரு பக்கத்தில்தான், இன்னொரு சினைப்பை உள்ளேயே இருக்கும். அநேகமாக மறுநாள் வீடு திரும்பலாம்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியது, திசுவை எடுத்து முடிக்கும்வரை ரத்தக்கசிவை நிறுத்தச் சுடும் சூட்டுக்கருவியைத் தவிர்ப்பாரா என்பது. முட்டைகள் சினைப்பையின் மேற்பட்டையில்தான் இருக்கின்றன. சூடு பட்ட இடம் பயன்படாது.

மதுரை, திருச்சி இரண்டும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், சென்னை 400. முடிந்தால் ஆய்வகம் உள்ள இடத்துக்கு நோயாளியே போவது நல்லது. திசு மட்டும் பயணித்தால் 4 டிகிரி குளிர் வேண்டும். டென்மார்க்கில் ஐந்து மணி நேரம்வரை இப்படிக் கொண்டுபோய், பின்னாளில் குழந்தையும் பிறந்திருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பையைக் குப்பிமேல் நேராக வைக்காதீர்கள். உறையும்போது செல்லைக் காக்கும் கரைசல் ஏறாத திசு அங்கேயே உறைந்து, பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும்.

ஆய்வகத்தில் உள்சதையைச் சுரண்டிவிட்டு, மேற்பட்டையை 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்து, 5 மில்லிமீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டுவார்கள். மெல்லியதாக இருந்தால்தான் கரைசல் உள்ளே ஊறும். திரும்ப வைக்கும்போது ரத்தமும் சீக்கிரம் எட்டும். ஒரு துண்டு, புற்றுநோய்ச் செல் இருக்கிறதா என்று பார்க்க, நோய்க்கூறு பரிசோதனைக்குப் போகும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மெதுவாக உறைய வைக்கும் முறையில் எத்திலீன் கிளைகாலும் சர்க்கரையும் கலந்த கரைசலில் அரை மணி ஊறவைத்து, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் மைனஸ் 9 வரை இறக்குவார்கள். அங்கே மிகக் குளிர்ந்த கருவியால் குப்பியைத் தொட்டுப் பனியைத் தூண்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் ஒரேயடியாக உறைந்து திசு கெடும். பிறகு நிமிடத்துக்கு 0.3 டிகிரி வீதம் மைனஸ் 40 வரை, அதற்கப்புறம் வேகமாக மைனஸ் 140. கடைசியாக மைனஸ் 196-ல் திரவ நைட்ரஜன். மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசிக் குச்சி வைக்கும் கேனில் இருப்பதும் அதே நைட்ரஜன்தான்.

நோய் குணமாகி, குழந்தைக்கு முயலும் வேளை வந்த பிறகே திரும்ப வைப்பது. மிச்சமுள்ள சினைப்பைமேலோ, பக்கத்து வயிற்றுச் சவ்வில் பை போல வெட்டியோ வைப்பார்கள். ரத்த நாளத்தை இணைப்பதில்லை. புதுநாளம் வளரும்வரை பிராணவாயு இல்லாமல் பாதிக்கு மேற்பட்ட முட்டைகள் செத்துப்போகும். உறைய வைப்பதால் வரும் இழப்பைவிட இது பெரிது. எனவே எல்லாத் துண்டையும் ஒரே தடவையில் வைக்கச் சம்மதிக்காதீர்கள். லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) என்றால் துண்டோடு நோய்ச்செல்லும் திரும்பலாம், பொதுவாக வைப்பதில்லை.

இப்படி முதல் குழந்தை பிறந்ததாகப் பெல்ஜியத்திலிருந்து 2004-ல் செய்தி வந்தது. 2019-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதைச் சோதனை முறை என்று சொல்வதை நிறுத்தியது. ஆனாலும் திரும்ப வைத்தவர்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவர்தான் பிள்ளை பெறுகிறார்.

துண்டை வைத்த பிறகு மாதவிடாய் திரும்ப நான்கைந்து மாதம் ஆகும். இரண்டாம் மாதமே ஏஎம்எச் பார்த்துக் கலங்க வேண்டாம், துண்டு நன்றாக வேலை செய்யும்போதும் அது குறைவாகவே இருக்கும். எஃப்எஸ்எச் (சினைப்பை வேலை செய்யாதபோது ஏறும் ஹார்மோன்) இறங்குகிறதா என்று பாருங்கள்.