இடுப்பில் இருப்பது

2024 மார்ச் 3, ஞாயிறு

உரிமம் கைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் முதன்முறையாகக் கைத்துப்பாக்கியை உறையோடு இடுப்பில் செருகி, அதன்மேல் தளர்வான சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய் வந்தேன். தோட்டாக்களோடு சேர்த்து ஏறத்தாழ 850 கிராம் எடை இருக்கும். அதைச் சுமப்பது பெரிதல்ல. எதிரே வருகிற ஒவ்வொருவரும் என் இடுப்பையே பார்ப்பதுபோல் தோன்றுவதைத்தான் தாங்க முடியவில்லை. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் எட்டு முறையாவது சட்டையை இழுத்துவிட்டிருப்பேன். ஒளித்து வைத்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது துப்பாக்கியின் புடைப்பைவிட அதைச் சுமப்பவனின் கைதான் என்று வீடு திரும்பிய பிறகு புரிந்தது.

எந்தத் துப்பாக்கி, எந்த உறை என்று தெரிந்துகொள்ள வருபவர்களுக்கு இந்தக் குறிப்புகளில் ஒன்றும் கிடைக்காது. நான் எழுதப்போவது என்னைப் பற்றி மட்டும்தான்.

2024 மார்ச் 7, வியாழன்

பயிற்சியாளர் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தவை ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும். அழிக்கத் துணியாத எதன்மீதும் குழல் முனை திரும்பக் கூடாது. குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்றும் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும். நான்காவது அப்படி வராது. 9 மி.மீ. தோட்டா குழலைவிட்டு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. தவறினால் வீட்டின் உட்சுவரைக்கூடத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடும். அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்பதற்கும் சுட்டவனே பொறுப்பு.

இன்று காலை எனக்கு நேர்ந்ததையும் எழுதிவிடுகிறேன். துப்பாக்கியை உறைக்குள் திரும்ப வைக்கும்போது ஏதோ மெத்தென்று தடுத்தது. அழுத்தியிருப்பேன், ஏனோ நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். சட்டையின் நுனி மடிந்து, விசையைச் சுற்றியுள்ள வளையத்திற்குள் நுழைந்திருந்தது. என் துப்பாக்கியில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. இன்னும் சற்று அழுத்தியிருந்தால் துணியே விசையை இழுத்திருக்கும், குண்டு என் தொடையில்தான் பாய்ந்திருக்கும். வெளியே எடுப்பதற்கு வேகம் வேண்டுமென்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். உள்ளே வைப்பதற்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை என்று யாரும் அத்தனை அழுத்தமாகச் சொல்லவில்லை. இனி இடக்கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபடிதான் வைப்பது.

2024 மார்ச் 16, சனி

நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். கதவைத் திறந்ததும் அவருடைய ஐந்து வயது மகள் ஓடிவந்து, எப்போதும்போல் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையை எடுக்காமலேயே நிமிர்ந்து பார்த்து, "மாமா, இது என்ன, கல்லு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். சாவிக்கொத்து என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, என் மனைவி நம்பாத பார்வை ஒன்று பார்த்தாள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதைச் சுமந்துகொண்டு போனது என் தவறு. வீட்டுக்காரரிடம் சொல்லாமல் போனது அதைவிடப் பெரிய தவறு. அவர் வீட்டுக்குள் ஆயுதம் வரலாமா என்று முடிவுசெய்யும் உரிமை அவருடையது. மது ஊற்றிக்கொடுத்தபோது மறுத்ததற்கும் ஒரு பொய்க் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. மறைத்து வைத்திருப்பவன் அன்றாடம் எத்தனை சின்னச் சின்னப் பொய்களைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

2024 மார்ச் 24, ஞாயிறு

பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறந்து போனவர்கள் உண்டு என்று கேட்டபோது சிரித்திருக்கிறேன். இன்று சிரிக்கவில்லை. உறையைவிட்டு எடுக்கவே கூடாது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

2024 ஏப்ரல் 2, செவ்வாய்

வண்டி நிறுத்துமிடத்தில் தகராறு. நான் பின்னோக்கி எடுத்துக் காத்திருந்த இடத்தில் இன்னொருவர் சட்டென்று காரை நுழைத்துவிட்டார். இறங்கிப்போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி, என் வயதையும் என் தாயையும் சேர்த்து ஏதேதோ சொன்னார். நானும் விடவில்லை. ஒரு கட்டத்தில் அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கையில் வண்டிச் சாவியைத் தவிர ஒன்றுமில்லை. என்னைவிட ஒல்லியான மனிதர். நெஞ்சு படபடத்தது, காது அடைத்ததுபோல் அவர் குரல் எங்கோ தொலைவிலிருந்து கேட்டது. அப்போதுதான் கவனித்தேன்: என் வலது முழங்கை இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. சட்டைக்கு அடியில் அது இருக்கிறதா என்று முழங்கை தானாகவே பார்த்துக்கொண்டது.

உடனே மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் திடீரெனத் தணிந்ததைக் கோழைத்தனம் என்று நினைத்திருப்பார், ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். காருக்குள் உட்கார்ந்து சாவியைத் துவாரத்தில் நுழைக்க மூன்று முறை முயன்றேன்.

2024 ஏப்ரல் 3, புதன்

தூக்கமில்லை. நேற்று நடந்ததை வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது இரண்டு பேரின் வாய்த்தகராறு, அவ்வளவே. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு துப்பாக்கி இருந்தது. அதை அங்கே கொண்டுவந்தவன் நான். அது இருப்பது எனக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் உறுத்துகிறது. அவருக்குத் தெரிந்திருந்தால் ஒதுங்கிப் போயிருக்கலாம், வார்த்தையை அளந்திருக்கலாம். தெரியாத ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம். அந்தச் சுதந்திரம் எனக்குக் கிடையாது. அவருடைய பங்கு நிதானத்தையும் சேர்த்து நானே சுமக்க வேண்டியிருக்கிறது.

1967இல் லெனார்ட் பெர்க்கோவிட்ஸும் அந்தோணி லெபாஜும் வெளியிட்ட உளவியல் ஆய்வு ஒன்று உண்டு. முன்னதாகச் சீண்டி எரிச்சலூட்டப்பட்ட மாணவர்களுக்கு, எதிராளிக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பைத் தந்தார்கள். பூப்பந்து மட்டை வைத்திருந்த அறையில் இருந்தவர்களைவிட, மேசையில் துப்பாக்கி கிடந்த அறையில் இருந்தவர்கள் அதிகமான அதிர்ச்சிகளைக் கொடுத்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே குரலில் ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் என் முழங்கை எந்தப் பக்கம் சாட்சி சொல்லும் என்பது எனக்குத் தெரிகிறது.

சட்டமும் இதில் கருணை காட்டாது. வாய்ச்சொல்லால் சீண்டினார் என்பதற்காக மட்டும் பலத்தைப் பயன்படுத்துவது நியாயமாகாது என்று டெக்சஸ் மாநிலத்தின் தண்டனைச் சட்டமே சொல்கிறது. தற்காப்புக்குத் தேவையானதைவிட மிகுந்த தீங்கை விளைவிக்கும் உரிமை இல்லை என்கிறது இந்தியச் சட்டம். ஒல்லியான மனிதர், கையில் ஒரு சாவி. எந்த நீதிமன்றத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன்?

2024 ஏப்ரல் 9, செவ்வாய்

பயிற்சியாளரிடம் ஒளிக்காமல் சொன்னேன். முழங்கையைப் பற்றித்தான் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "அது இருக்கட்டும், நீங்கள் ஏன் காரைவிட்டு இறங்கினீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

டென்னிஸ் டூலர் என்ற காவல் பயிற்சியாளர் 1983இல் எழுதியதை வகுப்பில் ஏற்கெனவே படித்திருந்தோம்: கத்தியோடு ஓடிவரும் ஒருவன் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். சுடுவதற்கு எத்தனை குறைந்த நேரம் இருக்கிறது என்பதாகவே நான் அதை மனத்தில் வாங்கியிருந்தேன். எங்கள் பயிற்சியாளர் அதைத் திருப்பிப் போட்டார். அந்த ஒன்றரை நொடிக்கு முன்னால் எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது, அதில் ஐந்து இடத்தில் திரும்பிப் போயிருக்கலாம் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஆறாவது ஒன்றை நானே சொன்னேன்: காலையில் அலுவலக விவகாரத்தில் எரிச்சலோடு கிளம்பியிருந்தேன், அன்று அதைப் பெட்டகத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

இரவு தம்பியோடு தொலைபேசியில் வாக்குவாதம், இரண்டு மணிவரை தூக்கமில்லை. காலையில் பெட்டகத்தின் முன் நின்றேன். திறக்காமலேயே வெளியே கிளம்பினேன். பழக்கத்தில் அந்தத் தளர்வான சட்டையையே போட்டிருந்தேன்.

பணம் செலுத்தும் வரிசையில் ஓர் இளைஞன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னே போய் நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முழங்கை இடுப்புக்குப் போனது. அங்கே சட்டைத் துணி மட்டுமே இருந்தது.