நாகேஷ் அழுதாத்தான் அவார்டு

போன வாரம் ஆபீஸ்ல டப்பாவைத் தொறந்து வெச்சு சாப்பிட்டுட்டு இருந்தப்ப பக்கத்து சீட்டு மராத்தி பையன் கேட்டான், தமிழ்ல கண்டிப்பா பாக்க வேண்டிய படமா பத்து சொல்லுன்னு. நானும் பெரிய இவ மாதிரி யோசிச்சு யோசிச்சு வாட்ஸ்ஆப்ல லிஸ்ட் அனுப்பினேன். நாயகன், மகாநதி, சேது, பருத்திவீரன், விசாரணைன்னு போகுது. பாதிக்கு மேல படத்துல கடைசில ஒரு பொணம் விழும். சாயங்காலம் மும்பை செம்பூர் வீட்டுக்கு வந்து அதே லிஸ்டை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினா, அம்மா வெண்டைக்காய் நறுக்கிட்டே கேக்கறா, "ஏண்டி, உனக்கு ஜுரம் வந்தா போட்டுப் பாப்பியே, அதுல ஒண்ணுகூட இல்லையே?"

சுருக்னு இருந்துச்சு. ஏன்னா உண்மை அதான். மைக்கேல் மதன காமராஜனை எத்தனை தடவை பாத்திருக்கேன்னு கணக்கே கிடையாது, விசாரணையை ஒரே ஒரு தடவைதான் பாத்தேன், மறுபடி பாக்க தைரியம் இல்ல. ஆனா "நல்ல படம்"னு யாராவது கேட்டா கை தானா சோகப் படத்துக்குத்தான் போகுது. சிரிப்புப் படத்தைச் சொன்னா நம்மள லேசா எடுத்துப்பாங்களோன்னு ஒரு பயம், வேற என்ன.

நான் மட்டும் இல்ல, அவார்டு குடுக்கறவங்களும் அப்படித்தான். நாகேஷையே எடுத்துக்கோங்க. 1964ல காதலிக்க நேரமில்லை செல்லப்பா, அடுத்த வருஷம் திருவிளையாடல் தருமி, 1968ல தில்லானா மோகனாம்பாள் வைத்தி. இதுல எதுக்கும் அவருக்கு தேசிய விருது வரல. எப்ப வந்துச்சு தெரியுமா, 1994ல நம்மவர் படத்துக்கு. அதுல அவர் பொண்ணைப் பறிகொடுத்துட்டு நிக்கற அப்பா. அந்த நடிப்பு பிரமாதம்தான், நானே அழுதிருக்கேன், ஆனா முப்பது வருஷமா நம்மள சிரிக்க வெச்ச மனுஷன் நல்ல நடிகர்னு ஒத்துக்கறதுக்கு அவர் ஒரு தடவை கதறி அழ வேண்டியிருந்துச்சே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கமல் நடிச்ச பேசும் படம் 1987ல வந்துச்சு, முழுப் படத்துலயும் ஒரு வசனம் கிடையாது. அதுக்கு தேசிய விருது குடுத்தாங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா எந்தப் பிரிவுல? ஆரோக்கியமான பொழுதுபோக்கு தரும் சிறந்த ஜனரஞ்சகப் படமாம். என்னமோ சத்துமாவு பாக்கெட் மேல போட்டிருக்கற மாதிரி.

இப்ப அந்த காதலிக்க நேரமில்லை சீனுக்கு வரேன், ஏன்னா அதைப் பத்தி எழுதத்தான் இந்த போஸ்ட்டே. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் சினிமா கம்பெனி ஓனர் செல்லப்பா, அதாவது நாகேஷ், அப்பாவா வர்ற பாலையாவுக்குக் கதை சொல்ற சீன். எல்லாரும் நாகேஷ் நாகேஷ்னு சொல்லுவாங்க. கதவு சத்தம், நரி ஊளை எல்லாத்தையும் அவர் வாயாலயே குடுக்கறாரு, சரிதான். ஆனா அடுத்த தடவை பாக்கும்போது நாகேஷை விட்டுட்டு பாலையாவை மட்டும் பாருங்க. மொதல்ல இவன் என்ன பெருசா சொல்லிடப் போறான்னு ஒரு பணக்காரத் திமிரோட உக்காந்திருப்பாரு. கொஞ்ச நேரத்துல அந்தத் திமிர் எங்க போச்சுன்னே தெரியாது, மூஞ்சி சின்னப் பையன் மூஞ்சியா மாறிடும். பயப்படறதை அவர் நடிக்கற மாதிரியே இருக்காது, பயத்தை மறைக்கப் பாக்கற பெரிய மனுஷனா நடிப்பாரு, அதுலதான் சிரிப்பே இருக்கு. கேக்கறவர் ஒழுங்கா கேக்கலைன்னா சொல்றவர் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் காமெடி நிக்காது. டைரக்டர் ஸ்ரீதருக்கு இது தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரையும் நம்பி சீனை விட்டிருக்காரு.

அழுகை சீன்ல கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் வயலினைப் போட்டுத் தேத்திடலாம். காமெடில அந்த வசதி கிடையாது. செகண்டுக்கு 24 பிரேம் ஓடுது, அதுல அஞ்சாறு பிரேம் லேட்டா கட் பண்ணா தியேட்டர் கம்முனு உக்காந்திருக்கும். அப்படி உக்காந்துட்டா மேல என்ன மியூசிக் போட்டும் பிரயோஜனம் இல்ல.

சாப்ளினோட சிட்டி லைட்ஸ்ல, கண்ணு தெரியாத பூக்காரப் பொண்ணு சாப்ளின் நடிச்ச ஏழை நாடோடியைப் பணக்காரன்னு நெனைக்கணும், ஆனா அது பேசாத படம், எப்படிக் காட்டுவ? மனுஷன் மண்டையை உடைச்சுக்கிட்டு அந்த ஒரு சீனுக்கு 342 டேக் எடுத்ததா கின்னஸ்லயே இருக்கு. கடைசில கெடைச்ச வழி என்னன்னா ஒரு கார் கதவு. போலீஸ்கிட்ட மாட்டாம இருக்க நின்னுட்டிருக்கற ஒரு பெரிய காருக்குள்ள அவன் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் எறங்குறான், கதவு சாத்தற சத்தம் அவ காதுல விழுது, அவளுக்கு அவன் கார்க்காரன் ஆயிட்டான். அவ்வளவுதான். மிச்சக் காசு குடுக்க அவ தேடறதுக்குள்ள நெஜ ஓனர் வந்து ஏறிக் கதவைச் சாத்திட்டுப் போயிடறான், அவ காசை வாங்காமயே போயிட்டாருன்னு நெனைச்சுக்கறா. இவன் சத்தம் போடாம நழுவறான். சிரிப்பு வருது, தொண்டையும் அடைக்குது. 1931ல வந்த இந்தப் படத்துக்கு ஆஸ்கார்ல ஒரு நாமினேஷன்கூட இல்ல. 1972ல வயசான காலத்துல கூப்பிட்டு கௌரவ விருது குடுத்து, பன்னெண்டு நிமிஷம் நின்னு கை தட்டினாங்களாம். நல்லா தட்டினாங்க போங்க.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். தமிழ்ல ரொம்ப நாளா காமெடிங்கறது தனி டிராக். கதை ஒரு பக்கம் போகும், காமெடியன் வேற ஊர்ல வேற யாரையோ அடிச்சுட்டிருப்பாரு, அடி வாங்கறவரோட கலரையும் தொப்பையையும் வெச்சே பாதி ஜோக். அதைப் பாத்துப் பாத்து காமெடின்னாலே ஊறுகாய்னு ஆயிடுச்சு. ஆனா காமெடியே கதையா இருக்கற படத்தை அந்தக் கணக்குல சேக்கலாமா? 2021ல வந்த மண்டேலாவுல ஒரே ஒரு ஓட்டுக்காக ஒரு ஊரே முடி வெட்டறவர் கால்ல விழுது. ஜாதியைப் பத்தி மூணு மணி நேரம் லெக்சர் அடிச்சாலும் அவ்வளவு உறைக்குமான்னு தெரியல. அதுக்கு வசனத்துக்கும் அறிமுக இயக்குநருக்கும் தேசிய விருது கெடைச்சுது, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

எங்க ஊர்லயே, அதாவது மும்பைல, 1983ல வந்த ஜானே பீ தோ யாரோங்கற இந்திப் படம் இருக்கு. இடிஞ்சு விழற பாலம், காசு வாங்கற கமிஷனர், நடுவுல ஒரு பொணத்தை ஸ்கேட்ஸ்ல வெச்சு உருட்டிட்டு ஓடறாங்க. விழுந்து விழுந்து சிரிச்சுட்டு கடைசி அஞ்சு நிமிஷத்துல வயித்துல ஒரு குத்து வாங்குவீங்க. மழைக்காலத்துல இங்க ஏதாவது பாலத்துல விரிசல்னு நியூஸ் வந்தா எனக்கு அந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, லிஸ்ட் கதைக்கு வரேன். மறுநாள் அந்தப் பையன்கிட்ட இன்னொரு படம் சேத்துக்கோன்னு சொல்லி நாகேஷ் சீனை யூடியூப்ல போட்டுக் காட்டினேன். சப்டைட்டில் இல்ல. பத்து செகண்டுல அவன், "ஏய், இது மெஹ்மூத் சீன்!"னு கத்தறான். அப்பறம்தான் எனக்கே உறைச்சுது. ஸ்ரீதரே 1966ல இதை இந்தில பியார் கியே ஜான்னு எடுத்தாரு, நாகேஷ் எடத்துல மெஹ்மூத், பாலையா எடத்துல ஓம் பிரகாஷ். இவன் சின்ன வயசுல ஆஜியோட, அதான் பாட்டியோட, உக்காந்து பாத்திருக்கான். எது ஒஸ்தின்னு லஞ்ச் டைம் முழுக்க சண்டை, அவனோட சப்பாத்தி ஆறிப்போச்சு.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே வந்துட்டான், ரெண்டையும் டிவில அடுத்தடுத்துப் போட்டுப் பாத்துடலாம்னு. பாலையா மூஞ்சி மாற ஆரம்பிச்ச எடத்துல நான் அவனைத்தான் பாத்துட்டு இருந்தேன். ஒரு வார்த்தை புரியாதவன் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கான். சமையக்கட்டுலேந்து அம்மா டிவியைப் பாக்காமலே நாகேஷுக்கு ஒரு செகண்ட் முன்னாடி நரி மாதிரி ஊளை விட்டா.