எங்கள் கிணற்று நீருக்கு ஏற்ற மீன்

2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோதுதான் மீனையும் மரக்கறியையும் ஒரே நீரில் வளர்க்கும் எண்ணம் எனக்கு வந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும். செடி அதை உறிஞ்சிக்கொள்ளும். நீர் மீண்டும் தாங்கிக்குத் திரும்பும். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பின்வளவில் 1000 லீற்றர் தாங்கி ஒன்றை வைத்து, பக்கத்தில் கல் நிரப்பிய இரண்டு பாத்திகள் அமைத்தேன். அந்த வேலை இரண்டு கிழமையில் முடிந்தது. எந்த மீனை விடுவது என்பதற்குத்தான் ஒன்றரை வருடம் பிடித்தது.

முதலில் விட்டது பன்னிரண்டு கோய் கெண்டைகள். வெளியில் வளர்க்க உறுதியான மீன் எது என்று தேடியபோது அதன் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. அது பொய்யில்லை. மேலே பனிக்கட்டி படர்ந்த குளத்திலும் கோய் உயிர் தப்பும். எங்கள் தாங்கியிலோ பங்குனி, சித்திரை நண்பகலில் நீர் 33 பாகையைத் தொட்டது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும்: 10 பாகையில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் கரையும் என்றால், 30 பாகையில் ஏறத்தாழ ஏழரைதான். 2022 பங்குனிக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. காற்றுப் பம்பி நின்றது. இரவில் எழுந்து வாளியால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினேன். கை ஓய்ந்ததும் படுத்துவிட்டேன். விடியும்போது ஒன்பது மீன்கள் மிதந்தன. அவற்றை மாமரத்தடியில் புதைத்த அந்தக் காலை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் கேள்வியை மாற்றினேன். உறுதியான மீன் என்றால் எதற்கு எதிராக உறுதி? எங்களுக்கு வேண்டியது வெயிலையும் மின்வெட்டையும் கிணற்று நீரையும் தாங்கும் மீன்.

கிணற்று நீரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். சோதனைப் பெட்டியால் பார்த்தபோது எங்கள் நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8 காட்டியது. பிஎச் 7இல் இருப்பதைவிட 8இல் அதே அளவு அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். இது தெரியாமல் நான் பாத்திகளிலும் ஊர்க் கல்லையே நிரப்பியிருந்தேன். ஒரு கல்லின் மீது வினாகிரியை விட்டதும் நுரைத்தது: அதுவும் பிஎச்சை ஏற்றும் சுண்ணாம்புக்கல். முழுவதையும் அள்ளி வெளியே போட்டுவிட்டுக் கருங்கல் சல்லி வாங்கினேன். கூரையில் விழும் மாரி மழையைப் பிடித்து வைத்துக் கிணற்று நீரோடு கலக்கிறேன். பிஎச் சற்று இறங்கியது. மஞ்சளாகி நின்ற கங்குன் இலைகளும் பச்சை பிடித்தன.

இனி மீன். கட்லாவும் ரோகுவும் குளத்து மீன்கள். அவற்றுக்குத் தாங்கி போதாது. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், ருசியானதும்கூட, ஆனால் தன்னிலும் சிறிய எதையும் விழுங்கிவிடும். மூடாத தாங்கியிலிருந்து துள்ளியும் போய்விடும். கடைசியில் திலாப்பியாவுக்கே வந்தேன். வன்னியில் ஜப்பான் மீன் என்பார்கள். 1952இல் இலங்கைக்கு வந்த மீன் இனம் அது. இன்று இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களில் பிடிபடுகிறது. வெப்பத்தையும் கடின நீரையும் ஒட்சிசன் குறைவையும் கெண்டையைவிட நன்றாகத் தாங்குகிறது.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பாசையூரில் கடல் மீன் இருக்க, குளத்து மீனை ஆர் தம்பி சாப்பிடுவது?" என்றார். மண்வாடைதான் அவருடைய கவலை. சமைப்பதற்கு முன் மூன்று நாள் தீனி போடாமல் வேறு தொட்டியில் சுத்தமான நீரில் விட்டால் அந்த வாடை பெரும்பாலும் போய்விடும்.

ஆணும் பெண்ணும் கலந்த குஞ்சுகளை வாங்கியது என் இரண்டாவது பிழை. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும் இனம் இது. ஆறு மாதத்தில் தாங்கி முழுவதும் விரலளவு மீன்கள். கறிக்கு ஒன்றும் தேறவில்லை. அடுத்த முறை ஆண் குஞ்சுகள் மட்டும் கேட்டு வாங்கி, 25 விட்டேன். பையோடு இருபது நிமிடம் தாங்கியில் மிதக்கவிட்டு, மெல்ல மெல்ல நீர் கலந்து திறந்தேன். வேண்டாத குஞ்சுகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ யாரும் விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் நம் மீன்களின் இடத்தை இவை பிடித்துவிடும்.

துணைக்கு நான்கு சுங்கான் மீன்கள். அவை மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும், அடியில் விழும் தீனியைத் தின்னும், தப்பிப் பிறக்கும் குஞ்சுகளையும் தின்றுவிடும். முள்ளில் நஞ்சு உண்டு. ஒருமுறை குத்து வாங்கினேன்; தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்த பிறகே வலி அடங்கியது. வலை இல்லாமல் அவற்றைப் பிடிக்கக் கூடாது.

இப்போது சிறிய சூரியத் தகடும் ஒரு பற்றறியும் காற்றுப் பம்பியை இரவு முழுவதும் ஓட்டுகின்றன. தாங்கிக்கு மேல் கிடுகுப் பந்தல். மீன்கொத்திக்காக அதன் கீழே வலை. சென்ற ஆடியில் முதல் பதினொரு மீன்களைப் பிடித்தோம். அம்மா இரண்டு துண்டைப் பொரித்து, மிச்சத்தைப் புளி விட்டுக் குழம்பாக்கினார். தாங்கியில் பதினான்கு திலாப்பியாக்கள் நின்றன. மாரி தொடங்குமுன் அவற்றையும் எடுத்துவிட்டுப் புதுக் குஞ்சுகளுக்குச் சொல்லி வைத்தேன்.